கடலில்லாத நாட்டில் மீன்கண்

உலான்பாத்தரில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டினால்
பெயின்ட்டுக்கும் பிடிவாதம் வந்துவிடும்.
கதவை முதல் நாள் இரவே உள்ளே கொண்டுவந்து நிறுத்துவேன்.
காற்று ஒரு மணி நேரத்தில் சூடாகும்,
இரும்புக்கு ஒரு ராத்திரி வேண்டும்.
அவசரக்காரனின் கதவு வேர்க்கும்,
வேர்வைமேல் அடித்த பூச்சு
திரிந்த பால்போல் வெளுக்கும்.

இது செரெந்தோர்ஜின் பிரியஸ்.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்தது, ஸ்டீயரிங் வலப்பக்கம்.
இடப்பக்கக் கதவை ஒரு பேருந்து
அரை சாண் உள்ளே தள்ளியிருந்தது.

துடைத்தேன். பிறகுதான் தேய்த்தேன்.
வரிசை மாறினால் உப்புத்தாளே
பிசுக்கைக் கீறல்களுக்கு ஊட்டிவிடும்.
ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் உலர்துணி,
முன்னது காயுமுன் பின்னது ஓடவேண்டும்.
பட்டி, பிரைமர், எண்ணூறாம் நம்பர் தாள்.
தூசி படுக்கட்டும் என்று தரையில் ஒரு வாளித் தண்ணீர்.
கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டேன்,
இந்த வறட்டுக் குளிரில் அது மின்னேறி
தன் இழைகளைத் தானே கதவுக்கு அனுப்பும்.

நீலச் சாம்பல், இரண்டு பூச்சு.
காய இருபது நிமிடம்.
அடுப்பு சுவருக்கு அந்தப் பக்கம்
(தின்னரையும் தீயையும் ஒரே அறையில் வைக்க
எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை).
நிலக்கரி போடப் போனேன்.

திரும்பி வந்து கிளியர் அடித்தேன்.
முதல் வீச்சு, கண்ணாடி.
இரண்டாவது வீச்சில் கதவு விழித்துக்கொண்டது.

பத்தொன்பது குழிகள்,
ஒவ்வொன்றும் வரப்பு கட்டி, நடுவில் நீலம் தெரிய.
மீன்கண் என்போம்.
வேறெங்கோ மீன்விழி என்றால் அழகின் பெயராம்.
கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் எங்களுக்கு
கூலி போன நாளின் பெயர்.

கம்ப்ரசர்தான் எண்ணெய் கக்கியிருக்கும் என்றான் கன்டுல்கா.
குழாயை வெள்ளைத் தாளில் ஊதினேன். கறையில்லை.
அடுத்த கடைக்காரன் டயருக்கு அடிக்கும் மினுக்குத் தைலமா?
கதவிடுக்கில் துணி திணித்திருக்கிறேன்.
கன்டுல்காவின் தொப்பியைக் கழற்றித் தலையை முகர்ந்தேன்.
சோப்பு.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன்.
குழிகள் சிதறிக் கிடக்கவில்லை.
நான்கு வில்லாக, ஒன்று ஒதுங்கி,
மீதி கீழே கும்பலாக.

கை.
என்னுடையதைவிடப் பெரிய கை.
கன்டுல்காவுக்கோ வலது சுண்டுவிரல் கிடையாது.

முன்னறை பெஞ்சில் செரெந்தோர்ஜ்.
மடியில் பூஸ் பொட்டலம்,
ஆட்டுக்கொழுப்பு காகிதத்தில் ஊறி நிலவரைந்திருந்தது.
தொட்டீர்களா என்றேன்.
காய்ந்தது போலிருந்தது என்றார்.
கொஞ்சம் கழித்து,
குதிரையைக் கட்டிவிட்டு வரும்போது
கழுத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தானே வருவோம், என்றார்.

திட்ட நல்ல வார்த்தை ஒன்று வைத்திருந்தேன்.
டீயோடு விழுங்கினேன்.

குழி குழியாகச் சொட்டுவிட்டு நிரப்பிவிடலாம் என்றான் கன்டுல்கா.
அடியில் கொழுப்பு இருக்கும்வரை
மேலே எத்தனை ஊற்றினாலும் அது விலகித்தான் நிற்கும்.
இரவெல்லாம் விளக்கின் கீழ் இறுக விட்டேன்.
காலையில் துடைத்து, தேய்த்து,
கடைசிக் கண் மூடும்வரை தேய்த்து,
மறுபடி துடைத்து,
முதலில் பனிப்புகைபோல் மெல்லிய நீலம்,
அது பிடித்துக்கொண்ட பிறகு முழு நீலம்,
பிறகு கிளியர்.
அந்த இருபது நிமிடமும் நாற்காலி போட்டு
கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தார்,
இரண்டு கையும் கோட்டுப் பையில்.
இப்போது தொடலாம், மெழுகு மட்டும் ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்றேன்.
கையுறையைக் கழற்றினார்.
உள்ளங்கையை முகர்ந்தார்.
கால்சட்டையில் துடைத்தார்,
திரும்பவும் முகர்ந்தார்.
பிறகு
புறங்கையால் தொட்டார்.