நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை

இரவு இரண்டே காலுக்கு
கராஜில் யாரும் இல்லாதபோது
அது தானாக எழுந்து இருமுகிறது.
நான்கு நிமிடம். பிறகு அடங்குகிறது.
யாரும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை,
ஒரு டயரும் கேட்கவில்லை.
பின் யார் குடித்தது அந்தக் காற்றை?

சுவருக்கு அந்தப்புறத்து வெய்க்கோ
வாசலில் பனி வழித்தபடி சொன்னார்:
"ஆர்லீன், உன் கிழவனுக்கு
ஏழு முறை மூச்சு முட்டியது நேற்று."
எண்ணியிருக்கிறார்.
தூங்காத மனிதர் கணக்கில் தவறுவதில்லை.

தண்டர் பேயில் பத்தொன்பது குளிர்காலமாக
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
தினமும் ஐந்தரைக்கு, இருட்டில்,
பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி
முள் இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பேன்.
அளவுக்கு மேல் இறங்கினால் வண்டி வாசலைத் தாண்டாது.
வீட்டிலிருக்கும் இந்த நாற்பது டாலர் ஏலச் சரக்கை
ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சோப்புத் தண்ணீர் உறையாமலிருக்க
முதலில் ஹீட்டரை மூட்ட வேண்டியிருந்தது.
நூற்றிருபது பவுண்டுக்கு ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி,
கேஜின் கண்ணாடிமேல் மார்க்கரால் ஒரு கோடு.
காபி குடித்துவிட்டு வந்தேன்.
முள் கோட்டை விட்டுப் போயிருந்தது.

பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனேன்.
கப்ளரில் தவளை முட்டை மாதிரி நுரை:
பழைய ரப்பர் வளையம், மாற்றினேன்.
ரெகுலேட்டர் மரையில் இரண்டு குமிழ்:
டெஃப்லான் டேப், மூன்று சுற்று, வலஞ்சுழியாக.
(முதல்முறை இடஞ்சுழியாகச் சுற்றித் தொலைத்தேன்.)

ஸ்விட்சுக்கு அடியில் ஒரு சீறல்.
மோட்டார் நின்று வெகுநேரமாகியும் நிற்காதது.
மெனக்கெட்டு அந்தச் சின்ன வால்வைக் கழற்றிப் பார்த்தேன்.
அதன்மேல் குற்றமில்லை.
அழுவது இங்கே, அடிபட்டது அங்கே:
தொட்டி வாயிலிருக்கும் செக் வால்வு
காற்றை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.
முழுக்க வடித்து, கழற்றினேன்.
ரப்பருக்கும் பித்தளைக்கும் நடுவே
நகக்கண் அளவு ஒரு துருச் செதில்.

துடைத்து மாட்டி, ஏற்றி, மறுபடி கோடு.
ஒரு மணி நேரம்.
முள் கோட்டின்மேலேயே நின்றது.
வெய்க்கோவுக்கு போன் செய்து பீற்றிக்கொண்டேன்.
வைத்த பிறகு இன்னொருமுறை பார்த்தேன்.
மயிரிழை. அவ்வளவுதான்.
கேஜுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் பித்தளை துருப்பிடிக்காதே.
அந்தச் செதில் எங்கிருந்து வந்தது?

டார்ச்சோடு மல்லாந்து படுத்தேன்.
அடிவயிற்றில், காலைப் பற்றவைத்த இடத்தருகே,
பெயின்ட் உப்பியிருந்தது. சோப்பு தடவினேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கடுகு. அது மெல்ல மிளகாகி
உடைந்தது.
இன்னொரு கடுகு.

அப்போதுதான் உறைத்தது
நூற்றிருபது பவுண்டுக்கும் என் மூக்குக்கும்
ஒரு சாண்கூட இல்லை என்பது.

தவழ்ந்தே வெளியே வந்தேன்.

வெய்க்கோ நாற்பது வருடம் கப்பல்துறையில் வெல்டிங் செய்தவர்.
வந்தார், தொடவில்லை, உட்கார்ந்தார்.
"இதை ஒட்டித் தரமாட்டேன்," என்றார்.
"ஓட்டை தெரிந்தது ஒன்று.
தகடு எங்கெல்லாம் மெலிந்திருக்கிறதோ, யார் கண்டது."
வடிகாலைத் திறந்துவிட்டு இருவரும் கதவருகே நின்றோம்.
பதினோரு நிமிடம் ஊதித் தீர்த்தது.
கடைசியில் கெட்டியான டீ நிறத்தில்
அரைக் குவளைத் தண்ணீர்.

மோட்டார் நல்லது, பம்ப் நல்லது, எடுத்து வைத்தேன்.
தொட்டியில் டிரில்லால் மூன்று பெரிய துளை போட்டேன்,
அடுத்த ஏலத்தில் இன்னொருவர்
நாற்பது டாலர் தராமலிருக்க.

அன்றிரவு இரண்டே காலுக்கு விழித்துக்கொண்டேன்.
ஒரு சத்தமும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
சுவருக்கு அந்தப்புறம்
வெய்க்கோ இருமினார்.