சலவைப் படகு, ஏப்ரல் 25

இந்த ஊரின் காதலை
நான் மூட்டைக் கணக்கில் அறிவேன்.
விடிகாலை ஐந்தரைக்கு
விடுதிகளின் பின்படிகளில் காத்திருக்கும்
கசங்கிய வெள்ளைகள். ஒயின் கறை.
ஒருமுறை ஒற்றைக் காதணி.
வெனிஸ் என்றதும் நீங்கள் நினைப்பது
எங்களுக்கு வேலை நேரம்.

சின்னக் கால்வாய் பெரிய கால்வாயில் சேரும் முடுக்கில்
எதிரில் வருவது தெரியாது.
'ஓ... ஏ!' என்று குரல் கொடுத்துத்தான் திரும்ப வேண்டும்.
துடுப்புக் காலத்துக் குரல்,
எஞ்சின் வந்தும் போகவில்லை.
நான் கத்துவேன்.
சான் தொமா துறையில்
பயணப் படகின் கயிற்றை முளையில் சுற்றிக்கொண்டே
அல்வீஸே பதில் கத்துவான்.
அவன் பதில் சொல்லத் தேவையே இல்லை.
அவன் படகுதான் கரையில் நிற்கிறதே.
மூன்று வருடமாகச் சொல்கிறான்.

புனித மாற்கு நாளன்று இங்கே
ஆண்கள் ஒரு சிவப்பு ரோஜா மொட்டு வாங்கி
பிடித்தவளிடம் கொடுக்க வேண்டும்.
மலர்ந்தது ஆகாது, மொட்டுதான்.
எங்கள் தெருக் கறிக்கடைக்காரர்கூட
நாற்பது வருட மனைவியிடம்
முகம் பார்க்காமல் நீட்டுவார்.

அன்று நான் முடுக்கில் திரும்பினால்
அல்வீஸேயின் பல்லில் கடித்த மொட்டு,
இரண்டு கையிலும் கயிறு.
எப்படிக் கத்துவான்?
கயிற்றை விட்டு, மொட்டை எறிந்தான்.
தினம் நூறு முறை கயிறு வீசும் கை,
குறி தப்பாத கை.
தப்பியது.

தண்ணீரில் விழுந்ததை
கொண்டோலாவில் போன ஒரு புதுப்பெண் குனிந்து எடுத்தாள்.
கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்தாளோ என்னவோ,
எங்களைப் பார்த்துக் கைதட்டினாள்.
என்ன செய்ய, நாங்களும் கையசைத்தோம்.

இரண்டு நாள் கழித்து
பதினோராவது மூட்டையை உதறினேன்.
தலையணை உறைக்குள்
விரிந்து, ஓரம் கருகிய ஒரு ரோஜா.
அதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன்;
அன்று ஊர் முழுக்க ரோஜா.
இருந்தாலும் மோந்து பார்த்தேன்.
பாசி, உப்பு, கொஞ்சம் டீசல்.
சுக்கானுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் முடுக்கில் நான் கத்தினேன்.
அவன் பதில் கத்தவில்லை.
கயிறும் கையுமாக நின்று அதையே பார்த்தான்.
"லொரெதானா, யார் கொடுத்தது?"
மூட்டைகள் குலுங்கச் சிரித்தேன்.
சொல்லவில்லை.

இரண்டு துறை தள்ளிப் போய்
எஞ்சினை அணைத்துவிட்டு,
வளைவே இல்லாத நேர்த் தண்ணீரில்,
எதிரே ஒரு படகும் வராதபோது,
திரும்பி நின்று கத்தினேன்:
ஓ... ஏ!