படகுக் கூலி

செவ்வாய்க்கிழமை வீபெ வருவான்.
நெட்டைக் கால், வெயிலில் வெந்த கழுத்து,
கையில் ஒரு சதுர இரும்புச் சட்டம்.
சலூம் கழிமுகத்தில் வற்றம் பார்த்து
சேற்றின் மேல் அதை வீசுவான்.
உள்ளே விழுந்ததுதான் அவனுக்கு உலகம்:
அதில் எத்தனை மட்டி,
ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர்,
தண்ணீரில் உப்பு எவ்வளவு.
மட்டி எண்ண வந்த மட்டி என்று
மனசுக்குள் சிரித்தபடி
துடுப்பைப் பிடித்திருப்பேன்.

வியாழக்கிழமை எம்பிசீன்.
டக்காரிலிருந்து வருகிறவள். சேற்றில் இறங்க மாட்டாள்.
சிப்பி ஓட்டுக் குவியலின் நிழலில் உட்கார்ந்து
பெண்களைக் கேட்பாள்:
வீட்டில் எத்தனை வாய்?
கூடை என்ன விலைக்குப் போகிறது?
கடன் யாரிடம், எப்போதிலிருந்து?
பதில் சொல்கிறவர்களின் கை நிற்காது.
கத்தி, ஓடு, சதை.
கத்தி, ஓடு, சதை.

இருவருக்கும் படகு நான்தான்.
இரண்டு நாள், இரண்டு கூலி.
இவர் பேச்சை அவரிடம் கொண்டுசேர்க்க
யாரும் எனக்குக் காசு தரவில்லை.
நானும் சேர்க்கவில்லை.
மூன்று வருஷம்.

பெட்ரோல் கிடைக்காத ஒரு வாரம்
இரண்டு பேரையும் ஒரே நாளில் ஏற்றினேன்.
நடு வாய்க்காலில் எஞ்சின் நின்றது.
பிளக்கைக் கழற்றி, ஊதி, துடைத்துக்கொண்டிருந்தேன்.
வேறு வேலை இல்லாததால் பேசினார்கள்.

அக்டோபரில் மட்டி சிறுத்துப்போகிறது, என்றான் அவன்.
மூன்று அக்டோபரும்.
உப்பும் காரணமில்லை, சூடும் காரணமில்லை.

அக்டோபரில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், என்றாள் அவள்.

பிறகு கொஞ்ச நேரம்
படகில் தண்ணீர் தட்டும் சத்தம்தான்.

அவன் வரைபடத்தை விரித்தான்.
எல்லாத் திட்டும் தேய்கிறது,
எட்டாம் எண் மட்டும் கொழுக்கிறது.
'நீரோட்டம் மாறியிருக்கலாம்' என்று
ஓரத்தில் எழுதி, கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான்.
அவள் ஏட்டைப் புரட்டினாள்.
நாற்பத்தாறு வீடு, நாற்பத்தாறு பேச்சு,
ஒன்றில்கூட அந்தத் திட்டு இல்லை.
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சிகா அங்கேதான் போனாள், என்றேன்.
ஏற்றம் திரும்பிவிட்டது.
நிறைந்த கூடையை விட மனசு வரவில்லை.
அன்றிலிருந்து அங்கே யாரும் கை வைப்பதில்லை.
தடை என்று ஒன்றும் இல்லை, பலகை இல்லை, அபராதம் இல்லை.
போவதில்லை, அவ்வளவுதான்.

என் தங்கை என்று சொல்லவில்லை.

வீபெ பென்சிலைக் காதில் செருகினான், எடுத்தான், செருகினான்.
அவன் தாளில்
ஆழத்துக்குப் பத்தி உண்டு, வெப்பத்துக்கு உண்டு.
அவள் தாளில்
ஆம், இல்லை, தெரியாது.

அன்று ராத்திரி பள்ளிக்கூட மேசையில்
இரண்டு தாளையும் ஒட்டவைத்துச் சண்டை போட்டார்கள்.
எண்ண முடியாததை எப்படி எழுதுவது என்று அவன்.
எண்ணினால்தான் எழுத்தா என்று அவள்.
அர்த்தம் பாதி புரியவில்லை.
தொனி மட்டும் என் வீட்டுச் சண்டை மாதிரியே இருந்தது.

இப்போது சேர்ந்தே வருகிறார்கள்.
அவள் முழங்கால் வரை சேற்றில் நிற்கிறாள்.
அவன் ஓட்டுக் குவியலில் உட்கார்ந்து
யாந்தே கொடுத்த கத்தியால்
முதல் நாளே விரலை அறுத்துக்கொண்டான்.
பெண்கள் சிரித்து ஓய்ந்தபின்
அவன் கேட்காததையும் சொன்னார்கள்.

எட்டாம் திட்டுக்கு யாந்தே ஒரு வழி சொல்லியிருக்கிறாள்:
எண்ணு, எடுக்காதே.
எண்ணியதை எண்ணிய இடத்திலேயே வை.

அங்கே சட்டத்தை வீசுவதில்லை அவன்.
குனிந்து, இரண்டு கையாலும்,
சேற்றின் மேல் வைக்கிறான்.

ஒரே பயணம் என்பதால் ஒரே கூலி.
எனக்குப் பாதி நஷ்டம்.
இன்னும் கேட்கவில்லை.
திட்டு நெருங்கும்போது
எஞ்சினை அணைத்துவிட்டு
துடுப்பை எடுக்கிறேன்.