எடைக்கணக்கு

க்ளெனிஸ் அக்ராய்டின் ஓவியங்களை
நான் பார்த்தது குறைவு.
தூக்கியிருக்கிறேன்.
முப்பத்தொரு வருடம், மூன்று வேன்,
ஒரு முதுகுவலி.

எண்பத்து நாலில் வரைந்தவை கனம்.
துணி வாங்கக் காசில்லாமல்
பழைய அலமாரிக் கதவுகளில் வரைந்தாள்.
ஒன்றில் கீல் இன்னும் இருக்கிறது,
வானத்தின் இடது ஓரத்தில்.
பகலில் கேரவன் தொழிற்சாலையில்
ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டும் வேலை.
லண்டன் ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு
"நிறையச் சேறு" என்றாராம்.
சேறுதானே இருக்கிறது, என்றாளாம் இவள்.

ஹோல்டர்னெஸ் கரையில்
கடலுக்குள் முறிந்து விழும் ஒரு தார்ச்சாலை.
வருடத்துக்கு இரண்டு எட்டு போல
நிலத்தைத் தின்கிறது தண்ணீர்.
பிப்ரவரிதோறும்
சாலை முடிகிற விளிம்பில் முக்காலியை ஊன்றி
அதையே வரைந்தாள்.
முக்காலி பின்வாங்கிக்கொண்டே வந்தது.
முதல் படத்துக்கு அவள் நின்ற இடத்தில்
இப்போது அலையும் களிமண் கலங்கலும்.

வரிசையாகச் சாய்த்து வைத்தால்
முதலில் ஒரு வீடு, பிறகு அதன் வேலி மட்டும்,
பிறகு காற்றில் நீட்டிக்கொண்டு ஒரு தண்ணீர்க்குழாய்.
மனிதர்கள் கிடையாது.
தொண்ணூற்றாறில் ஒரே ஒரு படத்தில்
நாய்ச்சங்கிலி கிடந்தது.
யாருடைய நாய் என்று கேட்டேன்.
"ரெண்டு கையாலும் பிடி," என்றாள், "ஈரம் காயலை."

பரிசு வந்த பிறகு படங்கள் லேசாகின.
பெல்ஜியத்து லினன்.
ஒரு கையில் படம், ஒரு கையில் சாண்ட்விச் என்று
படியிறங்கலாம்.
அந்த ஆறேழு வருடத்தை
"நல்ல சாப்பாட்டுக் காலம்" என்பாள் அவளே.
அவற்றை ஏற்றும்போது மட்டும்
வாசலுக்கு வந்து நின்றதில்லை.
வலது கண் மங்கியதும் மறுபடி கனம்.
கொத்தனார் கரண்டியால் அப்பினாள்.
போன வருடத்துப் படத்துக்கு நாலு பேர்.

இந்த இலையுதிர்காலம் லண்டனில்
மொத்தமும் ஒரே கூரைக்கடியில்.
முதல் படத்தை மட்டும் காணோம்.
விசாரித்தால், விதர்ன்சீயில்
கிர்யாகோஸின் மீன்கடையில்
எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தொங்குகிறது,
ஏதோ ஒரு குளிர்காலத்துச் சாப்பாட்டு பாக்கிக்கு ஈடாக.
போய்க் கழற்றினேன். சுவரில் வெள்ளையாய் ஒரு கட்டம்.
கிர்யாகோஸ் ஒன்றும் சொல்லவில்லை.
வழிக்கு உருளைக்கிழங்கு பொட்டலம் கட்டித் தந்தான்,
வினிகர் தூக்கலாக.

நாற்பது வருடக் கொழுப்பும் புகையும் படிந்து
வானம் தேநீர் நிறத்தில் இருந்தது.
பஞ்சும் திரவமுமாக வந்த பெண்ணை
க்ளெனிஸ் தடுத்தாள்.
கிட்டே போய் இடது கண்ணால் பார்த்தாள்.
முகர்ந்தாள்.
"அன்னைக்கு இந்த மஞ்சள் எனக்கு வரலை.
விட்டுடு."

திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
கோட்டு இறுக்கம்.
பேச்சில் யாரோ காலம் என்றார்கள், இழப்பு என்றார்கள்.
முதல் படத்தின் முன் நின்றவர்களுக்கு
ஏனோ பசித்தது.

கிளம்பும்போது சட்டையைப் பிடித்திழுத்து,
பிப்ரவரி பத்து, வேன் வேணும், என்றாள்.
எந்த இடத்துக்கு?
அதை அன்னைக்குப் போய்த்தான்
பார்க்கணும், என்றாள்.