இதுவரை யாரும் எழுதவில்லை

பாசி எடுக்கும் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன்.
போன் அதிர்ந்தது.
கமலேஷ் சாஹு, ராய்ப்பூர்.
இரண்டு பேர், ஒரு ராத்திரி, நாளைக்கு.
இவரைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை
என்றது சாம்பல் எழுத்து.
விடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

முகம் இருக்க வேண்டிய வட்டத்தில்
ஒரு ஸ்கூட்டர்.
புதுசு. கைப்பிடியில் சாமந்தி மாலை,
முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்,
இன்னும் நசுங்கவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை.
ராமேஸ்வரம் விசைப்படகில் கிறிஸ்துராஜனுக்குத் தொழில்.
டோக்கன் வாங்கியாகிவிட்டது.
ஞாயிறு விடியும்வரை வீட்டில்
நானும் அனிஸ்டாவும் அவளுடைய பத்தாம் வகுப்பும்.
மாடிக்கும் எங்களுக்கும் நடுவே பதினாலு படி,
ஒரு தகரக் கதவு,
உப்பு பாதி தின்ற தாழ்ப்பாள்.

‘நீயே பாத்துக்க’ என்றார் அவர்,
கேனில் டீசல் ஊற்றியபடி.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு இறக்கி
இரண்டு நாள்தான் ஆகிறது.
அவர் போவதை நான் பார்த்துக்கொள்ள முடியாது.
இதையாவது.

நாத்தனார் மரியதிரவியம் விடவில்லை.
‘வேதாளை ரோட்டுல ஒருத்தி இப்படித்தான் விட்டா.
பத்து நாள் கழிச்சுத் தொறந்தா
கட்டிலுக்கடியில ரெண்டு சாக்கு கடலட்டை, அவிச்சது.
இன்னும் கோர்ட்டுக்கு அலையுறா.
நாத்தம் வேற போகல.’

போன தையில் ஒருவர் வந்தார்.
நாற்பத்தொரு பேர் நல்லவர் என்று எழுதியிருந்தார்கள்.
நண்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.
போகும்போது குளியலறைக் குழாயின் தலையை
திருகிக்கொண்டு போய்விட்டார்.
நானும் நல்லவர் என்றே எழுதினேன்,
என்னைப் பற்றி என்ன எழுதிவிடுவாரோ என்று.
இப்போது நாற்பத்திரண்டு.

அனிஸ்டா ஆங்கிலத்தில் தட்டினாள்:
யார் வருகிறீர்கள், எதற்கு?
நானும் மனைவியும். அப்பாவுக்குக் காரியம் செய்ய.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
மாடிக்கு எத்தனை படி?
அவளுக்கு முட்டி வலி.

‘பாத்தியா மதினி’ என்றேன்.
‘திருடன்தான் படிய எண்ணுவான்’ என்றாள்.

விரலில் துணி சுற்றிக்கொண்டுதான்
பாறைக்கடியில் கைவிடுவோம் நாங்கள்.
துணி சுற்றியும் கிழியும்.
கைவிடாமல் பாசி வராது.

பதினாலு படி, நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் உண்டு
என்று எழுதச் சொன்னேன்.
பச்சையை நானே அமுக்கினேன்.
அப்புறம் அனிஸ்டாவைத் திரவியம் வீட்டுக்கு அனுப்பினேன்,
புத்தகத்தோடு.
தோட்டை அரிசிப் பானைக்குள் இறக்கினேன்.
பாசிக்குப் போட்டுப் போகும் தகட்டுச் செருப்பை
தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

பத்தரை மணிக்கு வந்தார்கள்.
நான் கேட்பதற்கு முன்பே அவர்
ஆதார் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.
படத்தைவிட மெலிந்திருந்தார்.
அந்த அம்மா பையை மார்போடு அணைத்து
என் வீட்டைப் பார்த்தாள்:
கூரையில் தொங்கும் வலை, ஆணியில் மாட்டிய மீன்கத்தி,
ஆண்பிள்ளை இல்லாத கூடம்.
ஒவ்வொரு படியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள்.
ஏழில் நின்றாள்.

பாலத்தில் கடைசி ரயில் போனபின்
மேலே ஒரு சத்தம்.
எழுந்து உட்கார்ந்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலி.
தரையில் இழுபட்டு இழுபட்டு வந்து
கதவில் இடித்து நின்றது,
உள்பக்கமாக.
அதன்மேல் ஏதோ கனமாக வைத்தார்கள். பெட்டியாக இருக்கும்.

அட, என்னையா?

அரிசிப் பானையை ஒரு தரம் பார்த்தேன்.
படுத்தேன்.

நாலு மணிக்குப் பெட்டி இறங்கியது.
நாற்காலி திரும்பப் போனது, இந்தத் தடவை
இழுக்காமல், தூக்கி.
நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.