அரைப்பேர்

ஏழாம் நம்பர் மலையில்
கூடையை நான் இறக்கி வைக்கும்போதே
இராசமணி அக்காவுக்குத் தெரிந்துவிடும்.
எதுவும் கேட்கமாட்டாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து நீட்டுவாள்.
கானுக்கு அந்தப் பக்கம், சவுக்கு மரத்துக்குப் பின்னால்,
அட்டை ஏறாத ஒரு கல் இருக்கிறது.
அதுவரைக்கும் நடக்க முடிந்தால்
அது நல்ல நாள்.

கண்டியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
டொக்டர் சிங்களத்தில் சொன்னதை
நர்ஸ் ஒருத்தி தமிழில் சொன்னாள்.
கோதுமையில் ஒரு பசை இருக்கிறதாம்,
என் குடலுக்கு அது ஆகாதாம்.
துவாய்த் துணியின் நூல் மாதிரி
உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டியதெல்லாம்
சப்பட்டையாய்ப் போய்விட்டதாம்.
கவ்வாத்து வெட்டிய மலை மாதிரியா என்றேன்.
அவள் கவ்வாத்து பார்த்ததில்லை.

நோய்க்கு அன்றைக்குப் பேர் கிடைத்தது.
அந்த மாதச் சம்பளத் துண்டில்
எனக்குப் பதினொரு அரைப்பேர்.

லயத்தில் யாரும் நம்பவில்லை.
மா ஆகாத வயிறு
இந்தத் தோட்டத்தில் உண்டா?
பல் முளைக்கும் முன்பே
ரொட்டியின் ஓரத்தைப் பிள்ளைக்குச் சப்பக் கொடுக்கிற இடம் இது.
விடிந்தால் ரொட்டி, மலைக்கு ரொட்டி,
மழை பிடித்துக்கொண்டால் ராவைக்கும் ரொட்டி.
"அப்போ எதத்தான் திம்பே?" என்றார் மோகனதாஸ்,
கேலியாக இல்லை,
கணக்குப் போடுகிறவராக.

குரக்கன் ரொட்டி தட்டிலேயே உடைகிறது.
பிடித்துவைக்க அதில் ஒன்றுமில்லை.
வெந்நீரில் பிசைந்து பார்த்தேன்,
மரவள்ளியை அவித்துச் சேர்த்துப் பார்த்தேன்,
கடைசியில்
உதிர்ந்ததைச் சம்பலோடு அள்ளித் தின்னப் பழகினேன்.
என் தட்டு தனி. என் கரண்டி தனி.
"நாங்க தொட்டா ஒனக்கு ஆகாதோ?"
நாத்தனார் கோமளம் ஒரு வாரம் பேசவில்லை.

ஆறு வாரம் நன்றாக இருந்தேன்.
கன்னத்தில் சதை வைத்தது.
ஒன்பது நாள் தொடர்ந்து முழுப்பேர்.
பத்தாம் நாள் ராத்திரி
வயிற்றுக்குள் யாரோ ஈரக் கம்பளியைப் பிழிந்தார்கள்.

மாவைத் தொடவில்லை, சத்தியம் பண்ணினேன்.
"ஒளிச்சித் தின்னிருப்பே."
வயிறு ஆறட்டும் என்று ரசம் வைத்தேன்,
மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம்.
குடித்தேன். கூடியது.
கூடியதால் இன்னும் கொஞ்சம் ரசம்.

இப்படியே ஒரு மாதம்.
கொழுந்து நிறுக்கும்போது வரிசையை விட்டு ஓடினேன்.
தலவாக்கலைக்குப் போகிற பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தினேன்.
ஒரு நாள் கல் வரைக்கும் முடியவில்லை.
படங்கோடு ஓடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்,
குளிக்கிறவள் மாதிரி,
புல்லெல்லாம் பனி வெளுத்திருந்த காலையில்.

கரண்ட் போன ராத்திரி
போன் வெளிச்சத்தில்
அலுமாரியில் இருந்ததை எல்லாம் திருப்பித் திருப்பி வாசித்தேன்.
பெருங்காய டப்பாவின் அடியில்
எறும்புக் கால் அளவு எழுத்து:
கோதுமை மா.

சிரிப்பு வந்தது. மோகனதாஸ் எழுந்து உட்கார்ந்தார்.
இரண்டு தடவை வாசித்தார்.
கதவைத் திறந்து மழைக்குள் வீசப்போனவர்
விலையைப் பார்த்தார்.
விடிந்ததும் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தார்.

குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள்.
போன செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தது.
கடை மஞ்சள்தூளா,
கலியாண வீட்டுக் கரண்டியா,
சின்னவன் முத்தம் தந்தபோது
வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட்டா, தெரியவில்லை.
கொப்பியில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.
முத்தத்தை எழுதவில்லை.

கல்லிலிருந்து நான் திரும்பியபோது
விட்டுப்போனதைவிடக் கூடை கனமாக இருந்தது.
இராசமணி அக்கா அடுத்த நிரையில்
முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தாள்.
எதிர் மலையைக் கவ்வாத்து வெட்டி நாலு மாதமாகிறது.
குச்சிகளுக்கு நடுவே ஏதோ பச்சை.
தளிரா, பாசியா,
இங்கிருந்து பார்த்தால் சொல்ல முடியாது.