எடை வைத்து நில்லுங்கள்

காலணியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு
காலுறையைக் கழற்ற வெட்கப்படுகிறாள்
பானி கெனோவெஃபா.
வூச் நகர நாடக அரங்கில்
முப்பத்தொரு குளிர்காலம்
மேலங்கி வாங்கி எண்வில்லை கொடுத்தவள்.
நெஞ்சுப் படம் என்றிருந்தால்
இவ்வளவு தயங்கியிருக்க மாட்டாள்.

"வெங்காயம் மாதிரி இருக்கிறது"
என்கிறாள், அதை நான்
சுமந்து வரச் சொன்னதுபோல மன்னிப்புக் கேட்டு.
வெங்காயம்தான்.
சிவந்து, தோல் பளபளத்து
பெருவிரலின் அடிக்கணுவில்.
விரலோ பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடக்கிறது,
கடைசி டிராமில் தூங்கிப்போனவன்
முன்பின் தெரியாதவர் தோளில் சாய்வதுபோல.

படுத்துக்கொள்ளட்டுமா?
வேண்டாம்.
எடை வைத்து நில்லுங்கள்.
படுத்திருக்கும் பாதம் பாதிப் பொய் சொல்லும்.
சுமக்கும்போது கேட்டால்தான்
எலும்பு ஒப்புக்கொள்ளும்.

(மூச்சை அடக்க வேண்டாம். அது நெஞ்சுக்கு.)

திரையில் சாம்பல் நிறத்தில் அவள் பாதம்.
வளர்ந்த எலும்பைத் தேடுகிறாள்.
அரத்தால் ராவிவிட்டால் சரியாகும் என்று
எதிர்வீட்டுக்காரி சொன்னாளாம்.

வளரவில்லை, பானி கெனோவெஃபா.
விலகியிருக்கிறது.
உள்ளங்கால் எலும்பு ஒரு பக்கம் போக
விரல் மறுபக்கம் போக
இரண்டும் முறைத்துக்கொண்ட மூலையைத்தான்
இத்தனை நாள் களிம்பு தடவி
சமாதானப்படுத்தினீர்கள்.

கோடு இழுத்துக் கோணம் பார்க்கிறேன்.
முப்பத்திரண்டு பாகை.
பதினைந்துக்குள் இருந்தால்
இந்தக் கதவைத் தட்டியிருக்க மாட்டீர்கள்.

"முதல்காட்சி இரவுகளுக்குக் கூர்முனைக் காலணி.
மேலாளர் உத்தரவு. அதுதான்."
கொஞ்ச நேரம் கழித்து, தனக்கே எதிர்சாட்சியாக:
"அம்மாவுக்கும் இருந்தது.
அவள் ஆயுள் முழுக்க பீட்ரூட் வயல்,
ரப்பர் பூட்ஸ்."

நான் படம் எடுப்பவள்.
தீர்ப்பு மூன்றாம் மாடியில்.
டாக்டர் ஷிமான்யாக் சொன்னதை
திரும்பும் வழியில் கதவோரம் நின்று ஒப்பித்தாள்:
விரலிடையில் வைக்கும் சிலிக்கான் துண்டு
வலியைத் தணிக்கும், விரலை நிமிர்த்தாது.
முன்பக்கம் அகன்ற காலணி வேண்டும்,
விரல்கள் ஒன்றையொன்று மிதிக்காதபடி.
கத்தி, நடை முடங்கினால் மட்டும்.
அழகுக்காக அல்ல.
அறுத்து, நகர்த்தி, இரண்டு திருகாணி,
ஆறு வாரம் குதிகாலால் நடை.
"என் வீடு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
அறுவைக்கு வரிசையோ இரண்டு வருடம்."
சிரித்தாள்.
"பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.
அதற்குள் ஒன்று நான் மாறுவேன்,
இல்லை மேலாளர் மாறுவான்."

நவம்பரில் ஒரு நாடகத்துக்குப் போனேன்.
யார் கூட என்பது இங்கே முக்கியமில்லை.
மேலங்கி மேடைக்குப் பின்னால் அவள்:
கழுத்தில் முத்து, உதட்டில் சாயம்,
மரப்பலகை மறைக்கும் இடத்தில்
ஆண்கள் காலணி, நாற்பத்திரண்டாம் அளவு,
நாடா தளர்ந்து, படகு மாதிரி.

என் கோட்டை வாங்கினாள்.
கண்கள் கீழே இறங்கி
என் புதுக் காலணியின் ஊசிமுனையில்
ஒரு நொடி நின்றன.
எதுவும் சொல்லவில்லை.
வில்லையை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.

முதல் மணி அடித்தது.
அரங்குக்கு இன்னும் இருபத்தாறு படி.
என் சுண்டுவிரல்
எப்போதோ மரத்துப்போயிருந்தது.